இறக்கத்தின் விலை

லோவெல் நகரத்து மில்களுக்கெல்லாம் மேலே ஒரு கம்பெனி இருந்தது. நூற்பதும் நெய்வதும் அதன் வேலை இல்லை. மெரிமாக் ஆற்றின் மதகுகளும் கால்வாய்களும் அதற்குச் சொந்தம், அவ்வளவுதான். பாஸ்டனுக்கு வடமேற்கே சுமார் 25 மைலில் இருக்கிற அந்த ஊரில், எந்த மில் எத்தனை கதிர் ஓட்டலாம், எத்தனை தறி போடலாம் என்பது கடைசியில் அந்தக் கம்பெனி எவ்வளவு மதகு திறக்கிறது என்பதில்தான் இருந்தது. அது தண்ணீரை விற்றது என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஒரு கால்வாயிலிருந்து வாங்கிய தண்ணீரை மில்காரர் கீழே இன்னொரு கால்வாயிலோ ஆற்றிலோ விட்டுவிட வேண்டும். இடையில் அது இறங்கிய இறக்கத்துக்குத்தான் ஆண்டு வாடகை.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதாகப் படவில்லை. தாத்தா பாபநாசம் ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலைக்குப் பாபநாசத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அங்கே தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிறது என்பதுதான். ஆற்று விசையில் ஓடிய ஆலை அது. வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரை மில் குடித்துவிடாதா என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "தண்ணிய யாருல குடிக்கா? அது இறங்குத வேகத்த மட்டும் வாங்கிக்கிட்டு ஆத்துக்கே திருப்பி விட்டுருவான்" என்றார் தாத்தா. விசைச்சக்கரம் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. பிறகு படித்த எந்தப் புத்தகமும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

மகள் குடும்பம் மாசசூசெட்ஸில் இருப்பதால் லோவெல்லுக்குப் போக வாய்த்தது. கால்வாய் ஓரமாக நடந்துகொண்டே இருந்தேன். ஊருக்குள் மொத்தம் ஐந்தரை மைலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கால்வாய் ஓடுகிறது. இரு கரையும் கருங்கல் கட்டு. செங்கல் மில்கள் ஐந்தாறு மாடி உயரத்துக்குத் தண்ணீரை ஒட்டியே எழும்பி நிற்கின்றன. கரையில் ஒரு நாணல் கிடையாது, குளிக்கப் படித்துறை கிடையாது. கன்னடியன் கால்வாயும் நதியுண்ணிக் கால்வாயும் பார்த்து வளர்ந்தவனுக்கு அது கால்வாயாகவே மனதில் படியச் சற்று நேரமானது.

நம் பக்கத்துக் கால்வாய் தண்ணீரையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறது. தலைமடையில் புகுந்தது கடைமடை வயலில் நெல்லாகி முடிகிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளும் அதற்காக ஏற்பட்டவை. மில் கால்வாய்க்கு அந்த வேலை இல்லை. ஆற்று மட்டத்துக்கு மேலே தண்ணீரை உயரத்திலேயே நிறுத்திவைத்து, வேண்டிய இடத்தில் விழவைக்க வேண்டும். அதனால் அது சரிவே தெரியாமல், கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். கரையில் நிற்கிறவருக்கு அதன் பலம் தெரியாது. பலமெல்லாம் மில்லின் அடித்தளத்து இருட்டுக்குள் நடந்து முடிந்துவிடும்.

அந்த ஊரின் முதல் கால்வாய் மில்லுக்காக வெட்டியதும் இல்லை. மெரிமாக் ஆறு பவ்டக்கெட் அருவியில் ஒரு மைல் தூரத்துக்குள் சுமார் 32 அடி இறங்குகிறது. வடக்கே காட்டில் வெட்டிய மரங்களை மிதக்கவிட்டுக் கடலோரத்துக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அந்த அருவி பெரிய இடைஞ்சல். அதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு படகுக் கால்வாய் வேண்டும் என்று 1792-இல் கம்பெனி பதிவானது. 1796-இல் பவ்டக்கெட் கால்வாய் திறந்தது. ஏழே ஆண்டில், 1803-இல், மிடில்செக்ஸ் கால்வாய் பாஸ்டனுக்கு நேர்வழி போட்டுவிட்டது. சரக்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்ப, பவ்டக்கெட் கால்வாய் வருமானம் அற்றுக் கிடந்தது. அதைத்தான் பின்னால் பாஸ்டன் முதலாளிகள் வாங்கினார்கள். படகுக்காரருக்குத் தொல்லையாக இருந்த இறக்கம் இவர்களுக்கு மூலதனம்.

இந்த முதலாளிகளின் முன்னோடி ஃபிரான்சிஸ் கேபட் லோவெல். 1810 முதல் 1812 வரை பிரிட்டனில் இருந்தபோது மான்செஸ்டர் பக்கத்து விசைத்தறிகளைச் சுற்றிப் பார்த்தார். இயந்திரமோ வரைபடமோ நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று பிரிட்டன் சட்டம் போட்டிருந்த காலம். இவர் எல்லாவற்றையும் தலைக்குள் வைத்துக்கொண்டு கப்பலேறினார். ஊர் திரும்பி, பால் மூடி என்ற கைதேர்ந்த இயந்திரக்காரரைச் சேர்த்துக்கொண்டு, வால்தம் என்ற இடத்தில் பஞ்சு உள்ளே போய்த் துணி வெளியே வருகிற மில்லை நிறுவினார். 1817-இல், 42 வயதில் இறந்துபோனார். வால்தமில் சார்ல்ஸ் ஆற்றின் விசை போதாமல் ஆனதும் கூட்டாளிகள் பவ்டக்கெட் அருவிப் பக்கம் வந்தார்கள். 1821-இல் சுற்றுப்புற விவசாயிகளிடம் விஷயத்தை வெளியே விடாமல் நிலத்தை வாங்கினார்கள். மெரிமாக் மில்லின் சக்கரம் 1823-இல் சுழன்றது. 1826-இல் ஊருக்கு லோவெல் என்று பெயரானது. தன் பெயர் தாங்கிய ஊரை அவர் பார்க்கவே இல்லை.

கால்வாயை வெட்டியது யார் என்று தேடினால் ஒரு பெயர் கிடைக்கிறது. ஹியூ கம்மிஸ்கி. 1822-இல் பாஸ்டன் அருகே சார்ல்ஸ்டவுனிலிருந்து 30 அயர்லாந்துக் கூலிகளை நடத்தியே கூட்டிவந்த மேஸ்திரி. கூட வந்த முப்பது பேர் அவருக்குப் பின்னால் ஒரு தொகையாக நின்றுபோகிறார்கள். கடப்பாரை, மண்வெட்டி, பாறைக்கு வெடிமருந்து. பழைய கால்வாயை அகலப்படுத்தி, மெரிமாக் கால்வாயை வெட்டினார்கள். அடுத்தடுத்து ஹாமில்டன், வெஸ்டர்ன், ஈஸ்டர்ன் என்று கால்வாய்கள் கிளைத்தன. மில்லில் வேலைக்கு வரும் பெண்களுக்கு வரிசை வரிசையாகச் செங்கல் விடுதி கட்டிய கம்பெனிகள், கால்வாய் வெட்டியவர்களுக்கு ஒரு கூரைகூடத் திட்டமிடவில்லை. அவர்கள் ஊரின் ஓரத்தில் தாங்களே குடிசை போட்டுக்கொண்டார்கள். ஏக்கர் என்று இன்றும் பெயர் நிலைத்திருக்கிற அந்தப் பகுதியில் 1831-இல் புனித பேட்ரிக் தேவாலயத்தை எழுப்பினார்கள்.

மறுபடி அந்த வாடகைக் கணக்குக்கு வருகிறேன். இறக்கத்தை விற்க வேண்டுமானால் அளக்க ஓர் அளவை வேண்டும். வால்தமில் இரண்டாவதாகக் கட்டிய மில்லையே அவர்கள் படியாக எடுத்துக்கொண்டார்கள். அதில் 3,584 கதிர்கள். அவற்றையும் அவற்றுக்கு வேண்டிய மற்ற இயந்திரங்களையும் தறிகளையும் ஓட்டப் போதுமான தண்ணீர் விசைக்கு 'ஒரு மில் பவர்' என்று பெயர். 30 அடி இறக்கம் முழுவதும் கிடைக்கிற இடத்தில் வினாடிக்கு 25 கன அடி விட்டால் ஒரு மில் பவர். ஆனால் பெரும்பாலான கால்வாய்கள் இரண்டு படிகளாக அமைந்தவை. மேல் கால்வாயிலிருந்து கீழ்க் கால்வாய்க்கு 13 அடி. அங்கிருந்து ஆற்றுக்கு 17 அடி. ஒரே தண்ணீர் இரண்டு மில்களுக்கு உழைத்துவிட்டு ஆற்றில் சேரும். இறக்கம் குறைந்தால் தண்ணீர் கூட வேண்டும் அல்லவா? 17 அடிக்கு 45.5 கன அடி, 13 அடிக்கு 60.5 கன அடி என்று வகுத்திருந்தார்கள். கன அடிக் கணக்குக்காக இரண்டு மாநிலங்கள் நீதிமன்றத்தில் நிற்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த நுணுக்கம் உடனே பிடிபடும்.

இரவில் மில் நிற்கும். அப்போது மதகுகளை இறக்கிவிடுவார்கள். அருவியின் தலையில் கட்டிய அணைக்குப் பின்னால் ஆறு இரவெல்லாம் ஏறி நிற்கும். காலையில் அந்தச் சேமிப்பும் சேர்ந்து சக்கரத்தில் விழும். அணையின் தலையில் பலகை வைத்து உயரத்தைக் கூட்டியபோது நீர் பதினெட்டு மைல் பின்னால், நியூ ஹாம்ஷயர் மாநிலத்து நாஷுவா வரை தேங்கியது. அதுவும் போதவில்லை. 1840-களில் லோவெல் முதலாளிகளும், அதே ஆற்றின் கீழே லாரன்ஸ் நகரத்தைக் கட்டியவர்களும் சேர்ந்து, வடக்கே வின்னிபெசாக்கி ஏரியின் வாய்க்கே போய் அணையைக் கைப்பற்றினார்கள். கோடையில் மாசசூசெட்ஸ் தறி நிற்காதிருக்க நியூ ஹாம்ஷயர் ஏரியைத் திறப்பதும் மூடுவதும் என்றானது. ஏரிக்கரை மேய்ச்சல் நிலங்களில் நீர் ஏறிய கோபமும், கீழே சிறு மில்காரர்களின் கோபமும் சேர்ந்து, 1859-இல் ஒரு கூட்டம் கோடாலியும் கடப்பாரையுமாக அந்த அணையை உடைக்க வந்தது. உடைக்க முடியவில்லை.

இந்த ஆத்திரத்துக்கும் முந்திய இழப்பு ஒன்று உண்டு. பவ்டக்கெட் அருவி பென்னக்கூக் மக்கள் மீன் பிடித்த இடம். வசந்தத்தில் கடலிலிருந்து சால்மனும் ஷாடும் எதிர்நீச்சலில் ஏறிவரும். பல குழுக்கள் அங்கே கூடும். அவர்களின் தலைவர் பாசகானவே, மகன் வான்னலான்சிட். மில் வருவதற்கு வெகு முன்பே அவர்கள் நிலம் கைமாறிவிட்டது. அணைகள் எழும்பியதும் மீனும் மேலே வருவது நின்றது. ஒரு காலத்து மில் கட்டடத்துக்கு இன்று வான்னலான்சிட் என்று பெயர். வாசலில் அந்தப் பெயரைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது.

தண்ணீரை அளந்தவர்களில் ஒருவர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஜேம்ஸ் ஃபிரான்சிஸ். 1815-இல் இங்கிலாந்தில் பிறந்து, பதினெட்டு வயதில் அமெரிக்கா வந்து, 1834-இல் லோவெல் சேர்ந்தவர். முதலில் அவருக்குக் கிடைத்த வேலை, இங்கிலாந்திலிருந்து வந்த ரயில் இன்ஜின் ஒன்றைப் பிரித்துப்போட்டு ஒவ்வொரு பாகத்தையும் அளந்து வரைவது. பிறகு கால்வாய்க் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகி, வாழ்நாள் முழுவதும் தண்ணீரை அளந்தார். அடியில் பாரம் வைத்த தகரக் குழாய்களைச் செங்குத்தாக மிதக்கவிட்டு, அவை குறித்த தூரத்தைக் கடக்கும் நேரத்தை எண்ணி, எந்த மில் எவ்வளவு இழுக்கிறது என்று கண்டுபிடித்தார். வாடகைக்கு மேல் இழுத்தவர்கள் அவரிடம் தப்ப முடியாது.

அந்த அளவையிலிருந்துதான் அவருடைய விசைச்சக்கரமும் பிறந்தது. பழைய மரச் சக்கரங்கள் பிரம்மாண்டமானவை; மெரிமாக் மில்லில் 30 அடி விட்டம். ஆற்றில் வெள்ளம் வந்தால் கீழ்நீர் ஏறிச் சக்கரத்தின் காலைப் பிடித்துக்கொள்ளும், ஓட்டம் தளரும். 1844-இல் யூரையா பாய்டன் செய்த டர்பைன் தண்ணீரை நடுவிலிருந்து வெளியே தள்ளியது. ஃபிரான்சிஸ் அதைத் திருப்பிப் போட்டு, வெளியிலிருந்து உள்நோக்கி வரவைத்தார். 1840-களின் கடைசியில் அவர் வடித்த அந்த டர்பைன்தான், பலவாறு செம்மைப்பட்டு, இன்று உலகின் நீர்மின் நிலையங்களில் மிக அதிகமாகச் சுழல்வது. தன் சோதனைகளையெல்லாம் அவர் 1855-இல் நூலாக வெளியிட்டார்.

அவர் செய்த இன்னொரு காரியத்தைப் பார்த்து ஊர் முதலில் சிரித்தது. பழைய வெள்ளங்களின் உயரத்தை விசாரித்து, பவ்டக்கெட் கால்வாயின் வாயில் 1850-இல் ஒரு மாபெரும் மரக்கதவைத் தொங்கவிட்டார். சுமார் 27 அடி அகலம், 25 அடி உயரம். சாதாரணமாக அது கீழே இறங்கவே வேண்டியதில்லை. 'ஃபிரான்சிஸின் பைத்தியக்காரத்தனம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். 1852 ஏப்ரலில் வெள்ளம் வந்தது. விடியுமுன் கதவைத் தாங்கிய இரும்பை வெட்டிவிட, அது இறங்கி ஊரைக் காத்தது. 1936 பெருவெள்ளத்திலும் அதே கதவுதான் காத்தது. பராமரிப்பு என்ற சொல்லே செலவாகப் படுகிற காலத்தில், தான் செத்து 44 ஆண்டு கழித்து வரப்போகிற வெள்ளத்துக்கும் சேர்த்துக் கதவு போட்ட மனிதரை நினைத்துக்கொள்வது நல்லது.

இப்படித் தண்ணீரை வினாடிக் கணக்கில் அளந்த ஊரில் பெண்களை அளந்தது மணி. எங்கள் ஊரில் சங்கு ஊதும். ஊரே அதை வைத்துத்தான் உலை வைக்கும், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கிளப்பும். லோவெல்லில் மில் கோபுரத்து மணி. கோடையில் முதல் மணி காலை நாலரைக்கு. வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கும் மேல் வேலை. நியூ இங்கிலாந்து கிராமங்களிலிருந்து வந்த விவசாயி வீட்டுப் பெண்கள். பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. நூல் அறாமலிருக்கக் காற்றில் ஈரம் வேண்டும் என்று ஜன்னலைத் திறக்கவிட மாட்டார்கள். காற்றெல்லாம் பஞ்சுத் தூசி. பூட் மில் அருங்காட்சியகத்தில் இன்றும் தறிகளை ஓட்டிக்காட்டுகிறார்கள். காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சுபோல ஒன்று தருகிறார்கள். அதை அடைத்துக்கொண்ட பிறகும் தரை அதிர்வது பாதத்தில் ஏறியது. தாத்தா வீட்டில் ஏன் எப்போதும் சத்தமாகவே பேசுவார் என்பது அங்கேதான் உறைத்தது.

1842-இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் வந்து பார்த்துவிட்டு, விடுதிகளில் பியானோ இருப்பதையும், பெண்கள் நூலகத்தில் சேர்ந்திருப்பதையும், தாங்களே பத்திரிகை நடத்துவதையும் வியந்து எழுதினார். 'லோவெல் ஆஃபரிங்' என்ற அந்தப் பத்திரிகை 1840 முதல் 1845 வரை வந்தது. அது உண்மை. 1834-இல் கூலிக் குறைப்பை எதிர்த்தும், 1836-இல் விடுதிச் செலவை உயர்த்தியதை எதிர்த்தும் அதே பெண்கள் தறியை நிறுத்திவிட்டுத் தெருவில் இறங்கியதும் உண்மை. ஹாரியட் ஹான்சன் 1836-இல் பதினொரு வயதுச் சிறுமி. நிறைந்த பாபின்களை எடுத்து வெற்றுப் பாபின் மாட்டுகிற டாஃபர் வேலை. பெரியவர்கள் தயங்கி நின்றபோது தான் முதலில் வெளியே நடந்ததைப் பிற்காலத்தில் பெருமையோடு எழுதிவைத்தார். சேரா பேக்லி 1840-களில் பெண் தொழிலாளர் சங்கம் அமைத்து, பத்து மணி நேர வேலை கேட்டுச் சட்டமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். குழு கைவிரித்தது. மாசசூசெட்ஸில் அந்தச் சட்டம் வர 1874 ஆனது. அதற்குள் அந்தப் பெண்கள் போய், அயர்லாந்துக்காரர்களும் கனடாவின் பிரெஞ்சுக்காரர்களும் தறிக்கு வந்துவிட்டார்கள்.

பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தென் மாநிலங்களின் அடிமைத் தோட்டங்களிலிருந்து. லோவெல்லில் நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அதே தோட்டங்களுக்குத் திரும்பிப்போய் அடிமைகளின் உடுப்பாயிற்று. ஆற்றின் விசை சுத்தமானது, புகை கிடையாது என்று ஊர் பெருமைப்பட்டது. அந்தச் சுத்தம் சக்கரத்தோடு சரி. 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் லோவெல் மில்கள் இருப்புப் பஞ்சை நல்ல விலைக்கு விற்றுவிட்டுக் கதவை மூடின. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அமெரிக்கப் பஞ்சு நின்றுபோனதால் இங்கிலாந்து மில்கள் இந்தியப் பக்கம் திரும்பின. எங்கள் கரிசல் காட்டுப் பஞ்சு திருநெல்வேலிப் பஞ்சு என்ற பெயரில் தூத்துக்குடியில் கப்பலேறி எகிறிய விலைக்குப் போனது அப்போதுதான். போர் முடிந்ததும் விலை சரிந்தது. கரிசலில் பஞ்சும், பாபநாசத்தில் இறக்கமும் இருக்க, இங்கேயே நூற்கலாமே என்று வெள்ளைக்காரர்களுக்குத் தோன்றியது அடுத்த தலைமுறையில். தாத்தாவின் வேலைக்குப் பின்னால் இவ்வளவு நீளமான நூல் இருக்கிறது.

நீராவி வந்த பிறகு மில் ஆற்றோரம் இருக்க வேண்டிய கட்டாயம் போனது; மின்சாரம் வந்த பிறகு அறவே போனது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் கம்பி வழியே கோவைக்கு வந்து அங்கே மில்கள் பெருகியதும் அதே கதையின் தொடர்ச்சி. இறங்கிய இடம் நீலகிரி, சுழன்ற கதிர் பீளமேட்டில். லோவெல்லில் 1920-களிலேயே மில்கள் தெற்கே குறைந்த கூலி தேடிக் கிளம்பின. 1950-களில் பெரிய மில்களும் மூடின. மெரிமாக் மில்லை இடித்தே விட்டார்கள். கால்வாய்களைத் தூர்த்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. பேட்ரிக் மோகன் என்ற கல்வியாளர், இந்த ஊர்ப் பிள்ளைகள் தங்கள் ஊரை வெட்கப்படாமல் பார்க்க வேண்டுமானால் இந்தக் கால்வாய்கள் இருக்க வேண்டும் என்று விடாமல் பேசினார். 1978-இல் மில்களும் கால்வாய்களும் தேசிய வரலாற்றுப் பூங்கா என்று சட்டமானது. மில்லில் வேலை பார்த்த கடைசித் தலைமுறையினரை உட்காரவைத்து அவர்கள் சொன்னதையெல்லாம் பதிவு செய்தார்கள். கால்வாய்த் தண்ணீர் இன்னும் டர்பைனில் விழுந்து மின்சாரம் தருகிறது.

நம் ஊர்களில் மில்கள் மூடியபின் மனைப்பிரிவாகின்றன, வணிக வளாகமாகின்றன. அதில் தவறு சொல்ல எனக்கு உரிமை இல்லை. நிலம் சும்மா கிடக்க முடியாது. ஆனால் விக்கிரமசிங்கபுரத்திலும் மதுரையிலும் தூத்துக்குடியிலும் கோவையிலும் ரிங் ஃபிரேமும் தறியும் ஓட்டியவர்கள் எண்பது வயதில் திண்ணைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்த ஷிஃப்டில் எந்தச் சங்கு, யார் வேலைநிறுத்தத்தில் முதலில் வெளியே வந்தது, மதகைத் திறந்தது யார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். முதலாளிகளின் பெயர் தெருவுக்கும் பள்ளிக்கும் இருக்கிறது. அது எங்கும் போய்விடாது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து, பெயர்களோடு கேட்டு எழுதிவையுங்கள்.